சிவப்புச் சீட்டு கட்டின கம்பம்

முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் வேற யாரோ சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டாம். அன்னைக்கு நடைபாதை மேல காரை ஏத்தினது நான்தான். என் கார், என் கால், என் கடை. வேற யாரோட கடையா இருந்தாலும் ஒரு மன்னிப்பைக் கேட்டுட்டுக் கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகாம இருந்திருக்கலாம். சொந்தக் கடைக்குள்ளயே காரை விடப் பாத்தவ எங்க போய் ஒளியறது, சொல்லுங்க?

எங்களோடது லாண்டரி. ஒரே வரிசையில மூணு கடை. நடுவுல நாங்க, ஒரு பக்கம் மருந்துக்கடை, இன்னொரு பக்கம் சைக்கிள் கடை. முன்னாடி பார்க்கிங். கார் எல்லாம் கடையைப் பாத்து மூக்கை நீட்டிக்கிட்டு நிக்கும். காருக்கும் கடைக் கண்ணாடிக்கும் நடுவுல ஒரு நடைபாதை, அதுவும் அரைச் சாண் உயரம்தான். பதினாறு வருஷமா எங்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அந்த அரைச் சாண்.

எங்க கண்ணாடிக்குப் பின்னால, ஜன்னலை ஒட்டின மாதிரி, என் தங்கச்சி உக்காருவா. டார்னிங் வேலை. கோட்டுல சிகரெட் சுட்டுட்டாங்க, பட்டுத் துணியை ஆணி கிழிச்சிடுச்சுன்னு யார் வந்தாலும், அந்தத் துணியோட உள் மடிப்புலேர்ந்தே இழையை உருவி எடுத்து, ஓட்டை இருந்த இடம் தெரியாம பின்னிக் கொடுத்துடுவா. கொடுத்தவங்களே ‘எங்க இருந்துச்சு?’ன்னு தேடுவாங்க. இந்த வேலைக்குப் பகல் வெளிச்சம் வேணும். கறுப்புத் துணியில கறுப்பு இழையைப் பாக்க ட்யூப்லைட் எல்லாம் உதவாது. அதனால அந்த ஜன்னல் அவளோடது. தெருவைப் பாத்த மாதிரி உக்காந்து, ஒரு கண் துணியிலயும் ஒரு கண் பார்க்கிங்லயும் வச்சிருப்பா.

அன்னைக்கு என்ன ஆச்சுன்னா, மருந்துக்கடைக்காரர் வழக்கம் போல காரைக் குறுக்க நிறுத்தியிருந்தார். அந்த மனுஷனுக்கு மாத்திரையை எண்ணத் தெரியும், கோட்டுக்குள்ள காரை நிறுத்தத் தெரியாது. அவர் இடத்துல முக்கால், என் இடத்துல கால். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல வந்துடுச்சு. கண்ணாடியை இறக்கி, “கண்ணு தெரியலன்னா உங்க கடையிலயே சொட்டு மருந்து இருக்குமே, ரெண்டு சொட்டு விட்டுக்கக் கூடாதா?”ன்னு கத்திக்கிட்டே காரை உள்ள விட்டேன். பிரேக் மேல இருக்க வேண்டிய கால் ஆக்ஸிலேட்டர் மேல இருந்துச்சு. கார் ஒரு குதி குதிச்சு நடைபாதை மேல ஏறிடுச்சு. எப்படியோ பிரேக்கைத் தேடிப் பிடிச்சு மிதிச்சேன். நின்னப்ப எனக்கு நேர் எதிர்ல கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் தங்கச்சி. கையில ஊசியோட எழுந்து நின்னுக்கிட்டிருந்தா. மூஞ்சியில ரத்தமே இல்ல.

பம்பருக்கும் கண்ணாடிக்கும் எவ்வளவு இடைவெளின்னு அவளே டேப் வச்சு அளந்தா. பதினோரு இன்ச். சைக்கிள் கடைக்காரர் கேட்டார், மருந்துக்கடைக்காரர் கேட்டார், எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: “கால் மிதியடி நழுவி பெடல்ல மாட்டிக்கிச்சு.” கூசாம சொன்னேன். அன்னைக்கே கார்ச் சாவியைத் தங்கச்சி கையில கொடுத்து, “இதை எங்கயாவது வை. நான் கெஞ்சினாலும் கொடுக்காதே”ன்னேன். அவ அதைப் பட்டன் டப்பாவுக்குள்ள போட்டு மூடினா. மறுநாள்லேர்ந்து எனக்கு பஸ்தான்.

அவ மேசையையும் அன்னைக்கே பின்னறைக்குத் தூக்கிட்டேன். மூணு விளக்கு வாங்கி வச்சேன், ஒண்ணுக்கு மூணு. என்ன வச்சு என்ன? வெளியில கார்க் கதவு சாத்தற சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போடும் அவளுக்கு. ஊசி விரல்ல ஏறும். மூணாவது வாரம் ஒரு கறுப்புக் கோட்டுக்குக் கருநீல இழையைப் பின்னிட்டா. வாங்கினவர் வெயில்ல போய்ப் பாத்துட்டுத் திரும்பி வந்தார். பதினாறு வருஷத்துல முதல் தப்பு. பிரிச்சுப் போட்டுத் திரும்பப் பின்னினா. சாயங்காலம் கடை சாத்தும்போது மெதுவா சொன்னா:

“அக்கா, நான் இனிமே வீட்டுலேர்ந்தே செய்யறேனே. எங்க மாடி ஜன்னல்ல வெளிச்சம் நல்லா இருக்கு.”

பதினாறு வருஷமா என் பேச்சைக் கேட்டுக்கிட்டு, என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசிக்கிட்டு, பக்கத்துல உக்காந்திருந்தவ. அவ இல்லாம அந்தக் கடையில யாரைப் பாத்து நான் பொழுது பூராவும் பேசறது? துவைக்கிற மெஷினைப் பாத்தா?

“எனக்கு ஒரு மாசம் டைம் கொடு,”ன்னேன். “அந்த ஜன்னலை உனக்குத் திருப்பித் தரேன். அதுக்கப்புறமும் போகணும்னு தோணிச்சுன்னா போ.”

“பாக்கலாம்,”ன்னா. அவ ‘பாக்கலாம்’னா பாதி வேண்டாம்னு அர்த்தம்.

கட்டிட ஓனருக்கு போன் போட்டுக் கத்தினேன். கார் ஏறாம இருக்க முன்னாடி தடுப்புக் கம்பம் போட்டே ஆகணும்னு ஒத்தைக் கால்ல நின்னேன். அவர் ரொம்ப நல்லவர் மாதிரி, “தாராளமா போடுங்க. ஆனா மூணு கடைக்கும் ஒரே மாதிரி இருக்கணும். எதுன்னு நீங்க மூணு பேருமே பேசி முடிவு பண்ணிக்குங்க,”ன்னுட்டார். மூணு பேர் சேர்ந்து முடிவு பண்றதாம்! குப்பைத் தொட்டி எந்தப் பக்கம் இருக்கணும்னு முடிவு பண்ணவே எங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

கம்பம் போடற ஆள் வந்தார். குழாய்க்காரர்னு சொன்னாத்தான் எல்லாருக்கும் தெரியும். காதுல பென்சில், இடுப்புல டேப், வாயில அதிகம் பேச்சு இல்ல. பார்க்கிங்கை மேலயும் கீழயும் நடந்து பாத்துட்டு என்கிட்ட வந்து கேட்டார்.

“எந்த வண்டி ஏறிச்சு?”

“ஏதோ ஒரு வண்டி.”

மருந்துக்கடைக்காரர் பக்கத்துலயே நின்னு இருமினார். “இவங்க வண்டிதான்,”ன்னார்.

“எப்படி ஏறிச்சு? நிறுத்த வரும்போதா, வேகமா வரும்போதா?”

“மிதியடி நழுவிடுச்சு,”ன்னேன். “பெடல் மாட்டிக்கிச்சு. அப்புறம் யார் கையிலயும் எதுவும் இல்ல.”

அவர் என்னை ஒரு தடவை பாத்தார், டேப்பை மடக்கினார், போயிட்டார். ரெண்டு நாள் கழிச்சு மூணு மாதிரிக் கம்பத்தைக் கொண்டு வந்து எங்க கடை நடுவுல நிறுத்தினார். எங்க கடையிலதான் இடம் ஜாஸ்தி.

முதல் கம்பம் ரப்பர் மாதிரி ஒரு பிளாஸ்டிக், பளிச்சுனு ஆரஞ்சுக் கலர். கார் இடிச்சா படுத்துக்கும், கார் போனதும் எழுந்து நிக்கும். ரெண்டாவது வார்ப்பு இரும்பு, தலையில உருண்டைக் குமிழ் வச்சு, பாக்க லட்சணமா இருந்துச்சு. மூணாவது வெறும் தடிமனான எஃகுக் குழாய், உள்ளே கான்கிரீட் ரொப்பினது. பாதிக்குப் பாதி மண்ணுக்குள்ள போகுமாம்.

குழாய்க்காரர் ஆரஞ்சுக் கம்பத்தைத் தட்டி, “இது தடுக்காது. வராதேன்னு சொல்லும், அவ்வளவுதான். கேக்கறதும் கேக்காததும் ஓட்டறவங்க இஷ்டம்,”ன்னார். குமிழைத் தட்டி, “இது ஒரு இடி தாங்கும். ரெண்டாவது இடிக்கு உடைஞ்சுடும்.” குழாயைத் தட்டினார். “இது சொல்லாது. நிறுத்தும்.”

நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன், குழாய்தான்னு.

அவர் கிளம்பும்போது, “நான் வெளியூர் போறேன். திங்கக்கிழமை காலையில பட்டறை ஆளுங்க வந்து மூணையும் எடுத்துட்டுப் போவாங்க. எது வேணுமோ அதுல ஒரு அடையாளம் கட்டி வைங்க. அதே மாதிரி எல்லாத்தையும் செஞ்சுடுவாங்க,”ன்னார்.

அப்புறம் ஆரம்பிச்சது பஞ்சாயத்து. சைக்கிள் கடைக்காரருக்குக் குமிழ் வச்ச கம்பம்தான் பிடிச்சுது. சங்கிலி போட்டு சைக்கிளைக் கட்டினா குமிழ்ல மாட்டிக்கிட்டு மேல உருவ முடியாதாம். மருந்துக்கடைக்காரருக்கு ஆரஞ்சு. “என்கிட்ட வர்றவங்க பாதிப் பேர் சக்கர நாற்காலியில வர்றாங்க. இரும்பை வரிசையா நட்டா எப்படி உள்ள வருவாங்க? இது இடிச்சாலும் வளைஞ்சு கொடுக்குமே,”ன்னார்.

“வளைஞ்சுதானே கொடுக்கும்! கார் வந்தாலும் வளைஞ்சு கொடுத்து, ‘வாங்க வாங்க’ன்னு உள்ள கூப்பிடும்,”ன்னு நான் இடுப்பால ஒரு இடி இடிச்சுக் காட்டினேன். ஆரஞ்சுக் கம்பம் பேசாம படுத்துட்டு எழுந்துச்சு. “பாத்தீங்களா? நான் இடிச்சதுக்கே இப்படி.”

“நீங்க இடிச்சா எது நிக்கும்?”னு சைக்கிள் கடைக்காரர் முணுமுணுத்தார். கேட்டுச்சு எனக்கு. வேலை ஆகணுமேன்னு விட்டுட்டேன்.

சரி, தங்கச்சிக்காகத்தானே இதெல்லாம், அவ என் பக்கம் நிப்பான்னு பின்னறையைப் பாத்துக் கூப்பிட்டேன். வந்தா. மூணையும் சுத்திச் சுத்திப் பாத்தா. ஆரஞ்சுக் கம்பத்து மேல கையை வச்சு, “இது போதும்க்கா,”ன்னாளே பாக்கணும்!

“என்னடி சொல்றே? இது எதைத் தடுக்கும்?”

“குழாய் ரொம்பத் தடியா இருக்கு. நிழல் என் மேசை மேல விழும்.”

“நிழலா? இடுப்பு உயரக் கம்பத்தோட நிழல் கண்ணாடியைத் தாண்டி மேசை மேல வந்து விழுமா?”

“கலரும் நல்லா இருக்கு இது,”ன்னுட்டு உள்ள போயிட்டா.

எனக்கு வந்துச்சே கோபம். யாருக்காக ராத்திரி தூக்கம் இல்லாம புரண்டுக்கிட்டிருக்கேன் நான்? இவளுக்காக. இவளே கலர் பாக்கறாளே!

விடுவேனா? சனிக்கிழமை மத்தியானம் எங்க அழுக்குத் துணிக் கூடை ரெண்டை வெளியில கொண்டு போய், குழாய்க்காரர் சொன்ன இடைவெளியில வச்சேன். மருந்துக்கடையிலேர்ந்து சக்கர நாற்காலியைக் கொண்டு வரச் சொல்லி, மருந்துக்கடைக்காரரையே அதுல உக்கார வச்சுத் தள்ளினேன். மனுஷன் கைப்பிடியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, “மெதுவா, மெதுவா, நீங்க தள்றீங்கன்னாலே பயமா இருக்கு,”ன்னார். ரெண்டு பக்கமும் கை அகலத்துக்கு இடம் விட்டு ஜம்முனு உள்ள போச்சு. வாடிக்கையா வர்ற ஒரு அம்மா அதைப் பாத்துட்டு, “ஐயாவுக்கு என்ன ஆச்சு?”ன்னு பதறிப் போய்க் கேட்டாங்க. அதுக்கப்புறம் அவர் குழாய்க்கே சரின்னுட்டார். சைக்கிள் கடைக்காரர்கிட்ட, குழாய்ல ஒரு வளையம் வச்சுத் தரச் சொல்றேன், நாலு சைக்கிள் கட்டலாம்னேன். அவரும் சரின்னார். மூணு பேரும் ஒத்துக்கிட்டோம். சரித்திரத்துலயே முதல் தடவை!

எங்க கடையில ஒரு வழக்கம் உண்டு. வர்ற துணிக்கு வெள்ளைச் சீட்டு. துவைச்சு, தேய்ச்சு, சரி பாத்து, இனி கொடுக்கலாம்னா சிவப்புச் சீட்டு. சிவப்புச் சீட்டு கட்டிட்டா அதைப் பத்தி யாரும் ஒரு கேள்வி கேக்கக் கூடாது, அதைத் தொடவும் கூடாது. சீட்டை மாத்திக் கட்டறது எங்க தொழில்ல கொலைக் குத்தம். ஒரு தடவை வேலையாள் ஒருத்தர் மாத்திக் கட்டி, ஒருத்தரோட கோட்டு இன்னொருத்தர் வீட்டுக்குப் போச்சு. அந்தக் கோட்டுப் பையில இருந்த கடிதத்தால ரெண்டு வீட்டுலயும் நடந்த சண்டையைத் தீர்த்து வைக்க நானே நேர்ல போக வேண்டியதாச்சு. அதிலேர்ந்து சீட்டுன்னா எல்லாருக்கும் பயம்.

அதனால சனிக்கிழமை சாயங்காலம், குழாய்க் கம்பத்துல சிவப்புச் சீட்டை நானே கட்டினேன். தங்கச்சி ஒரு கோட்டை முடிச்சுட்டு வரேன்னு இருந்துக்கிட்டா. நான் பஸ் ஏறிட்டேன்.

திங்கக்கிழமை காலையில கடையைத் திறக்கறேன், வெளியில பட்டறை வேன் வந்து நிக்குது, சிவப்புச் சீட்டு ஆரஞ்சுக் கம்பத்துல தொங்குது.

எனக்கு முதல்ல தோணினது மருந்துக்கடைக்காரர்தான். நாற்காலியில உக்கார வச்சதுக்குப் பழி வாங்கிட்டாரா? இன்னைக்கு அவரா நானான்னு சண்டைக்குக் கிளம்பிட்டேன். அப்பதான் முடிச்சைப் பாத்தேன்.

சீட்டு கட்டினா எல்லாரும் போடற முடிச்சு மேல துருத்திக்கிட்டு நிக்கும். நானும் அப்படித்தான். இந்த முடிச்சு மட்டும் நூலோட நூலா படிஞ்சு கிடந்துச்சு, தடவினாக்கூட விரலுக்குத் தட்டுப்படல. டார்னிங் போடறவங்க துணிக்குப் பின்னால போடற முடிச்சு அது. எங்க கடையில அதைப் போடத் தெரிஞ்சவ ஒருத்திதான். மத்தவங்க சீட்டை மாத்தினா அடிக்கப் போவேன். இவ மாத்தினதுக்கு நான் என்ன பண்றது?

பட்டறை ஆள் ஒரு வெல்டர், உயரமான பொண்ணு. “இதுதானேம்மா?”ன்னு ஆரஞ்சைத் தூக்கப் போனா. “கொஞ்சம் இரும்மா, டீ குடி,”ன்னு அவளை உக்கார வச்சுட்டுப் பின்னறைக்குப் போனேன்.

“சீட்டை மாத்தினியா?”

ஊசியில நூல் கோத்துக்கிட்டிருந்தா. மறுக்கல. “ம்,”ன்னா.

“பதினாறு வருஷத்துல ஒரு சீட்டைத் தொட்டிருப்பியா நீ? எதுக்குடி? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ உக்காரப் போறே. ரப்பர் குச்சி மேல கார் ஏறி வந்தா உன் கதி என்ன?”

“நான் எழுந்து ஓடிடுவேன்க்கா. எனக்குக் கால் இருக்கு.” அப்புறம் நூலைக் கீழ வச்சா. “நீ ஓட முடியுமா? பெல்ட் போட்டுக் கட்டின மாதிரி உள்ள உக்காந்திருப்பே. அன்னைக்கு ஸ்டியரிங்ல இடிச்சு உன் நெத்தி எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியிருந்துச்சு. நீ கண்ணாடியில பாத்தியா? நான் பாத்தேன். வெறும் பிரேக் போட்டதுக்கே அப்படி. எதிர்ல கான்கிரீட் ரொப்பின குழாய் நின்னிருந்தா?”

நான் நெத்தியைத் தடவிப் பாத்துக்கிட்டேன்.

“கார்ச் சத்தம் கேட்டா நான் தூக்கிப் போட்டுக்கறது எனக்காகன்னா நினைச்சே? நீ சாவியை எடுத்துட்டுப் போயிட்டியோன்னுதான். தினம் நாலு தடவை பட்டன் டப்பாவைத் திறந்து பாக்கறேன்.”

அடப் பாவி! நான் அவளைக் காப்பாத்த இரும்பைத் தேடறேன். அவ என்னைக் காப்பாத்த ரப்பரைத் தேடியிருக்கா. எனக்கு அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு. எதை முதல்ல விடறதுன்னு தெரியாம அப்படியே துணிக் கூடை மேல உக்காந்துட்டேன்.

“இன்னொண்ணு சொல்றேன்,”ன்னேன். “மிதியடி நழுவல. நான் அவரைத் திட்டிக்கிட்டிருந்தேன். திட்டற ஜோர்ல கால் மாறிடுச்சு.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“நீ யாரைத் திட்டினாலும் உன் வலது கால் தரையைத் தட்டும்க்கா. பதினாறு வருஷமா பாக்கறேனே. அன்னைக்கு அந்தக் கால் இருந்த இடத்துல ஆக்ஸிலேட்டர் இருந்துச்சு.”

குனிஞ்சு என் காலைப் பாத்தேன். சத்தியமா சொல்றேன், நாற்பத்தெட்டு வயசுல அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது.

பின்னறைக் கதவுகிட்ட டீ கிளாஸோட வெல்டர் பொண்ணு நின்னுக்கிட்டிருந்தா. எல்லாத்தையும் கேட்டிருக்கா, நாசூக்கா நகர்ந்து போகணும்னுகூடத் தோணல. “நிறுத்த வரும்போது கால் மாறினதா? அதை ஏம்மா முதலாளிகிட்ட சொல்லல?”ன்னுட்டு அங்கேயே குழாய்க்காரருக்கு போனைப் போட்டு என் கையில கொடுத்தா. நான் தட்டுத்தடுமாறி உண்மையைச் சொன்னேன்.

குழாய்க்காரர் முழுசா கேட்டுக்கிட்டார். அப்புறம் சொன்னார்: “பெடல் மாட்டிக்கிட்டு வர்ற வண்டிக்குக் கம்பம் மட்டும்தான் வழி, அதான் கம்பத்தைச் சொன்னேன். நிறுத்த வர்ற இடத்துல கால் மாறினா அது வேற. முன்னாடி சக்கரத்துக்கு ஒரு தடுப்புக் கட்டை போடலாம், தாழ்வா, ரப்பர்ல. சக்கரம் அதுல தட்டினதுமே உங்களுக்கு உறைக்கும், காலை எடுத்துடுவீங்க. எடுக்கலன்னாலும் அதுல ஏறறதுலயே வேகம் போயிடும். கம்பத்தை அதுக்குப் பின்னால, பம்பர் எட்டாத தூரத்துல நடுவோம். அன்னைக்கே கேட்டேனே, எப்படி ஏறிச்சுன்னு.”

கேட்டார்தான். நான்தான் கூசாம பொய் சொன்னேன். அந்தப் பொய்யால நாங்க அக்காவும் தங்கச்சியும் ஆளுக்கொரு கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு வாரம் முறைச்சுக்கிட்டிருந்தோம்.

தங்கச்சி எழுந்து வந்தா. ஆரஞ்சுக் கம்பத்துலேர்ந்து சிவப்புச் சீட்டை அவிழ்த்தா. குழாய்க் கம்பத்துல அவளே கட்டினா, அதே படிஞ்ச முடிச்சு.

“மாத்திக் கட்டக் கூடாதுன்னு ஒரு வழக்கம் இருக்கே,”ன்னேன்.

“மாத்திக் கட்டினதைத் திருப்பிக் கட்டலாம்,”ன்னா.

பத்து நாள்ல கம்பமும் சக்கரத்துக்கு ரப்பர்க் கட்டையும் வந்துச்சு. தோண்டினாங்க, நட்டாங்க, கான்கிரீட் ஊத்தினாங்க, காயற வரைக்கும் கயிறு கட்டி வச்சாங்க. ஒவ்வொரு இடைவெளியையும் தங்கச்சி தன் தையல் டேப்பை வச்சு அளந்தா. ஒரு இடைவெளி மட்டும் ரெண்டு இன்ச் ஜாஸ்தியா இருக்குன்னு அங்கேயே உக்காந்துட்டா. வெல்டர் பொண்ணு தலையில அடிச்சுக்கிட்டுத் திரும்பத் தோண்டினா. மஞ்சப் பெயிண்ட் காயறதுக்குள்ள சைக்கிள் கடைக்காரர் வளையத்துல ரெண்டு சைக்கிளைக் கட்டிட்டு, ரெண்டு கையும் மஞ்சளாகி நின்னார். அவ மேசையை நானே தூக்கிட்டு வந்து ஜன்னல்கிட்ட போட்டேன். அவ மேசையைத் துடைச்சா. உக்காரல.

சாயங்காலம் கடை சாத்தும்போது பட்டன் டப்பாவைத் திறந்து கார்ச் சாவியை எடுத்து நீட்டினா. சாவியில ஒரு சிவப்புச் சீட்டு கட்டியிருந்துச்சு. முடிச்சு தெரியவே இல்ல.

“எனக்கு பஸ்ஸே பழகிடுச்சு,”ன்னேன். “காத்தோட்டமா இருக்கு. நாலு பேரைப் பாக்கலாம்.”

“நாலு பேர்கிட்ட சண்டை போடலாம். சாவியைப் பிடி.”

“சரி பாத்துட்டுத்தான் சிவப்புச் சீட்டு கட்டணும். எதைடி சரி பாத்தே நீ?”

“உன்னைத்தான்,”ன்னா. அவ்வளவுதான் சொன்னா, செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா.

மறுநாள் காலையில காரை எடுத்தேன். ஆமை மாதிரி ஊர்ந்து, பின்னால வந்தவங்ககிட்ட எல்லாம் ஹாரன் வாங்கிக்கிட்டுப் பார்க்கிங்குக்குள்ள திரும்பறேன், மருந்துக்கடைக்காரரோட கார் எப்படி நிக்குதுங்கறீங்க? அதே குறுக்கு! முக்கால் அவர் இடம், கால் என் இடம். மனுஷன் கடை வாசல்ல நின்னு என்னைப் பாத்துக் கையை வேற ஆட்டறார். நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. வலது கால் பரபரன்னுது. வாயை இறுக்கி மூடினேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வெளியில விடல.

அப்பதான் நேரா பாத்தேன். மஞ்சக் கம்பத்துக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஜன்னல் மேசையில தங்கச்சி உக்காந்திருந்தா. பதினாறு வருஷமா தெருவைப் பாத்தே உக்காந்தவ, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. குனிஞ்ச தலை, ஏறி இறங்கற கை. நான் வர்றேன்னு தெரியும். இந்தக் காரோட சத்தம் அவளுக்கு நல்லாத் தெரியும். திரும்பவே இல்ல.

கண்ணு மறைச்சுது. துடைச்சுக்கிட்டேன். மெதுவா, மெதுவா விட்டேன். சக்கரம் கட்டையில லேசாத் தட்டுச்சு. பிரேக்கை மிதிச்சேன். கார் நின்னுச்சு. கம்பம் எனக்கு ஒரு முழம் தள்ளிப் பேசாம நின்னுக்கிட்டிருந்துச்சு. ஹேண்ட்பிரேக் போட்டேன், இன்ஜினை அணைச்சேன், சாவியை உருவினேன், கதவைத் திறந்து இறங்கினேன்.

இறங்கி நின்னதுக்கப்புறம் ஆரம்பிச்சேன் பாருங்க, மருந்துக்கடைக்காரர் அப்படியே ரெண்டடி பின்னால போயிட்டார். ஒன்றரை மாசத்துத் திட்டு அது, வட்டியும் முதலுமா வாங்கிக்கிட்டார். என் வலது கால் தரையைத் தட்டு தட்டுன்னு தட்டுச்சு. தட்டட்டும். தரைதானே!

உள்ள போனேன். அவ கையில ஒரு கறுப்புக் கோட்டு, அதுல கறுப்பு இழை. ஊசி ஒரு தடவைகூட நிக்கல.

“ஏண்டி திரும்பி உக்காந்திருக்கே?”

“வெளிச்சம் இப்படித்தான் நல்லா விழுது.”

“கார் வந்த சத்தம் கேக்கலியா?”

“கேட்டுச்சே,”ன்னா, இழையை உருவிக்கிட்டே. “நீதானேன்னு இருந்துட்டேன்.”